ஐயக்கிளவியும் குற்றப் புனைகதையும்: பெண் துப்பறிவாளர் தொடர்களை மொழிபெயர்ப்பதில் எழும் சில சிக்கல்கள்

குற்றப் புனைகதை ஒரு மறைப்பின் மீது கட்டப்படுவது. கொலை செய்தவர் யார் என்பது இறுதி இயல் வரை வாசகருக்குத் தெரியக் கூடாது. ஆனால் அக்கொலையாளி கதை நெடுகிலும் நடமாட வேண்டும். ஆங்கிலத்தில் வினைமுற்று பால் காட்டாது. பெயர்ச்சொல்லையே திரும்பத் திரும்பப் பயன்படுத்திப் பிரதிப்பெயரைத் தவிர்த்தால் மறைப்பு நிலைத்துவிடும். தமிழிலோ படர்க்கை வினைமுற்று ஒவ்வொன்றும் பாலை உரைத்துவிடுகிறது. ‘கொலையாளி’ என்ற பெயர் இருபாற்கும் பொது. ‘கொலையாளி வந்தான்’ என்று எழுதியவுடன் ஐயப்பட்டியலில் உள்ள பெண்கள் அனைவரும் நீங்கிவிடுகின்றனர். பெயர் பொதுவாக இருக்க, வினை பொதுவாக இல்லாமையே சிக்கலின் வேர்.

குற்றம் நிகழ்ந்த விதத்திலிருந்து குற்றம் புரிந்தவரின் மனப்பாங்கை ஊகித்து வரையும் நிபுணரைத் தலைமைப் பாத்திரமாகக் கொண்ட நாவல்களில் இச்சிக்கல் இரட்டிக்கிறது. அவற்றில் மறைக்கப்படும் ஆளைப் பற்றியே பக்கம் பக்கமாகப் பேச வேண்டியுள்ளது. அந்நிபுணர் பெண்ணாக இருக்கும்போது அவரை ‘அவள்’ என்பதா ‘அவர்’ என்பதா என்னும் மற்றொரு வினாவும் எழுகிறது. இவ்விரு வினாக்களையும் தமிழ் இலக்கண மரபின் ஒளியில் ஆராய இக்கட்டுரை முற்படுகிறது.

தொல்காப்பியரின் தீர்வு

சொல்லதிகாரத்தின் முதலியலாகிய கிளவியாக்கம் இந்நிலையை முன்னரே எண்ணியுள்ளமை வியப்புக்குரியது. உயர்திணைப் பொருள்தான் என்று தெரிந்து, ஆணா பெண்ணா என்பது தெரியாதவிடத்துப் பன்மையாற் கூறுக என்பது அவ்வியலின் விதி. தொலைவில் வரும் ஆளின் பால் விளங்காவிடின் ‘வருவார்’ எனல் வேண்டும். அடுத்த விதி இன்னும் ஒரு படி பின்னே செல்கிறது. இருளில் தெரிவது கட்டையோ ஆளோ என்று திணையிலேயே ஐயம் எழுந்தால் வடிவத்தைக் குறிக்கும் ‘உருபு’ என்ற சொல்லால் அதனைச் சுட்டலாம் என்று உரையாசிரியர்கள் விளக்குவர். ஐயம் தீர்ந்தபின் அல்லாததை மறுத்துரைக்கும் அன்மைக்கிளவி பற்றிய விதி அதற்கடுத்து வருகிறது. ஐயம், அதன் எல்லை, அதன் தீர்வு என்ற இவ்வரிசை ஒரு துப்பறியும் கதையின் வரிசையே ஆகும்.

பெயரியலில் வேறொரு விதியும் உண்டு. ‘ஒருவர்’ என்னும் பெயர் இருபாற்கும் உரியது. ஆயினும் வினை கொள்ளுமிடத்துப் பன்மை வினையையே ஏற்கும். பொருளால் ஒருமை, முடிபால் பன்மை, பாலால் பொது. பால் சுட்டாத ஒருமைப் பிரதிப்பெயர் ஒன்றுக்காக அண்மைக் காலத்தில் ஆங்கிலேயர் தம் பன்மைப் பெயரை ஒருமைக்கு வழங்குவது குறித்து நிகழ்த்திய விவாதத்தை அறிந்தவர்க்கு இவ்விதி புதிதாகத் தோன்றாது.

இவை நூலோடு நின்றுவிட்ட விதிகள் அல்ல. கதவு தட்டப்படும் ஒலி கேட்டால் வீட்டிலுள்ளவர் ‘யாரோ கதவைத் தட்டுறாங்க’ என்றே கூறுவர். தட்டுவது ஒரு கை என்பது ஒலியிலேயே தெரியும். எனினும் வினை பலர்பாலில் வருகிறது. நாளிதழ்ச் செய்திகளில் ‘மர்ம நபர்கள்’ என்ற தொடர் அன்றாடம் காணப்படுகிறது. பூட்டை உடைத்தவர் ஒருவரா பலரா என்பது காவல்துறைக்கே தெரியாத நிலையிலும் செய்தி பன்மையில் எழுதப்படுகிறது. கன்னட நாளிதழ்கள் இதே இடத்தில் ‘துஷ்கர்மிகளு’ என்று பன்மையை வழங்குகின்றன. ‘நபர்’ அரபி வழி வந்த சொல். சொல் புதிது, அதனை ஆளும் விதி பழையது.

அண்டை மொழிகளில்

ஒரு புனைவு வாக்கியத்தைக் கொண்டு இதனை ஒப்பிடலாம். மைசூரு ஹெப்பாள் தொழிற்பேட்டையில் ஓர் ஆலையின் வாயிலுக்கு இரவில் கொலையாளி வந்ததாகக் கதை தொடங்குகிறது என்று கொள்வோம். கன்னடத்தில் எழுதுபவர் ‘பந்தனு’, ‘பந்தளு’, ‘பந்தரு’ என்ற மூன்றில் ஒன்றைத் தெரிந்தெடுத்தாக வேண்டும். அவருடைய நிலை தமிழ் எழுத்தாளரின் நிலையே. மலையாளத்தில் எழுதுபவருக்கு ‘வந்நு’ என்ற ஒரே வடிவம் போதும். அம்மொழியில் வினைமுற்று திணை, பால், எண், இடம் காட்டும் விகுதிகளை இழந்துவிட்டது. எனவே பிரதிப்பெயரைத் தவிர்த்தாலே மறைப்பு நிறைவேறும். தெலுங்கு இடைப்பட்டது. ‘வச்சாடு’ ஆணை மட்டும் குறிக்கும். ‘வச்சிந்தி’ பெண்ணையும் குறிக்கும், அஃறிணையையும் குறிக்கும். தெலுங்கு மூலத்தில் நிழலில் நகர்ந்தது பெண்ணா பூனையா என்று ஐயுறச் செய்யும் ஒரு வாக்கியம் தமிழுக்கு வரும்போது அவ்வையம் அழிந்துபோகும்.

இந்தி மற்றொரு வகையில் வேறுபடுகிறது. ‘ஆயா’, ‘ஆயீ’ என்னும் வேறுபாடு தன்மையிலும் வருவதால் கொலையாளி தன் வாயாலேயே கதை சொன்னாலும் பால் வெளிப்பட்டுவிடும். தமிழில் ‘வந்தேன்’ என்பதற்குப் பாலில்லை. வால் மெக்டெர்மிட் 1995-இல் வெளியிட்ட ‘தி மெர்மெய்ட்ஸ் சிங்கிங்’ என்ற நாவல் இங்குக் கருதத்தக்கது. உளவியலாளர் டோனி ஹில், காவல் அதிகாரி கரோல் ஜோர்டான் ஆகிய இருவரும் முதன்முதல் இணையும் அந்நாவலில் கொலையாளியின் குறிப்புகள் தன்மையிடத்தில் இடையிடையே வருகின்றன. அப்பகுதிகளைத் தமிழாக்குவோர்க்கு இன்னல் இல்லை; காவலர்கள் அக்கொலையாளியைப் பற்றிப் பேசும் பகுதிகளில்தான் இன்னல் தொடங்கும். சாரா காட்வெல் 1981 முதல் எழுதிய நான்கு நாவல்களில் கதை சொல்பவரான ஹிலரி டேமர் ஆணா பெண்ணா என்பது இறுதிவரை கூறப்படவே இல்லை. ஹிலரி ஆக்ஸ்போர்டுப் பேராசிரியர். ஏனையோர் வயதில் இளையவர். தமிழில் ஹிலரி தன்னைப் பற்றி ‘வந்தேன்’ என்பார்; இளையோர் ‘பேராசிரியர் வந்தார்’ என்பர். பிரெஞ்சு, இந்தி மொழிபெயர்ப்பாளர்கள் திண்டாடக்கூடிய இடத்தில் தமிழர் எளிதாகக் கடந்துவிடலாம்.

மதிப்பின் குறுக்கீடு

ஹிலரிக்கு உதவும் ‘-ஆர்’ விகுதி கொலையாளிக்கு ஏன் உதவவில்லை? ஒருவரைப் பன்மையாற் கூறுவது உலக வழக்கில் வந்த உயர்சொல்லேயன்றி இலக்கண நெறிப்பட்டதன்று எனத் தொல்காப்பியர் ஒதுக்கினார். அவர் ஒதுக்கிய அவ்வழக்கே இன்று பொது வழக்காகிவிட்டது. எனவே தனியொருவரைக் குறிக்கும் ‘வந்தார்’ என்பதைக் கேட்டவுடன் இக்காலத்தவர்க்கு முதலில் தோன்றுவது மதிப்பு; ஐயம் அன்று. ‘கொலையாளி கத்தியை எடுத்தார்’ என்னும் வாக்கியம் நகைப்பை விளைவிக்கும். ‘எடுத்தார்கள்’ என்றாலோ கத்தி ஒன்று, கைகள் பல என்றாகும். ஐயத்திற்கென வகுத்த வடிவத்தை மதிப்பு கைப்பற்றிக்கொண்டது எனலாம்.

இந்நெருக்கடியிலிருந்து தமிழ்க் குற்ற நாவலாசிரியர்கள் தாமே சில வழிகளைக் கண்டனர். மாத நாவல்களின் செழிப்புக் காலமாகிய 1980-களிலும் 1990-களிலும் வந்த நூல்களைப் புரட்டினால் இவை எளிதில் தென்படும். முதலாவது ‘ஓர் உருவம்’. சுவரேறிக் குதிப்பது உருவம். மறைந்து நிற்பதும் உருவம். அதற்குரிய வினை ‘குதித்தது’, ‘நின்றது’ என ஒன்றன்பாலில் முடியும். ஆள் என்று தெரிந்தும் திணை ஐயம் எழுந்தாற்போல் எழுதுவது இது. பால் ஐயத்திற்குரிய பன்மை பயனற்றுப் போனமையால் திணை ஐயத்திற்குரிய உருபை எழுத்தாளர்கள் எடுத்துக்கொண்டனர். தேய்ந்த உத்தி என்று திறனாய்வாளர் இதனை எள்ளுவதுண்டு. மொழி வேறு கதவுகளை அடைத்துவிட்டதை அவர்கள் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

உறுப்பை எழுவாயாக்குவது இரண்டாவது வழி: கை நீண்டது, காலடிகள் நெருங்கின. மூன்றாவது செயப்பாட்டு வினை. ‘கொல்லப்பட்டார்’ என்பதில் விகுதி இறந்தவரோடு இயைகிறது. கொன்றவர் வாக்கியத்திலேயே இல்லை. பலரும் கவனியாத நான்காவது வழி எதிர்மறை. ‘வந்தான்’, ‘வந்தாள்’ எனப் பிரியும் உடன்பாடு ‘வரவில்லை’ என்னும் எதிர்மறையில் ஒன்றாகிவிடுகிறது. ஆகவே உருவம் என்ன செய்யவில்லை என்று கூறிச் செல்வதன் மூலம் ஒரு பத்தியையே பால் காட்டாது எழுதிவிடலாம். ‘வரமாட்டான்’ என்னும் எதிர்கால எதிர்மறைக்கு இச்சலுகை இல்லை. வினையெச்சங்கள் பால் காட்டா என்பதையும், ‘தான்’ என்னும் பெயர் இருபாற்கும் பொது என்பதையும் இவற்றோடு சேர்த்துக்கொள்ளலாம்.

ஊகத்தின் இலக்கணம்

குற்றம் புரிந்தவரின் இயல்பை வரையும் முறைக்கு முன்னோடியாக 1888-இல் லண்டன் வைட்சேப்பல் கொலைகள் குறித்து மருத்துவர் தாமஸ் பாண்ட் அளித்த அறிக்கையைச் சுட்டுவர். அமெரிக்கக் கூட்டாட்சிப் புலனாய்வுத் துறையின் நடத்தை அறிவியல் பிரிவு 1972-இல் அமைந்தபின் அது ஒரு துறையாக வளர்ந்தது. அத்துறையின் அடிப்படை நூல்களுள் ஒன்றை 1988-இல் ராபர்ட் ரெஸ்லர், ஜான் டக்ளஸ் ஆகியோருடன் எழுதியவர் ஆன் பர்ஜஸ் என்ற செவிலியர் பேராசிரியை. அதே ஆண்டு வெளிவந்த தாமஸ் ஹாரிஸின் ‘தி சைலன்ஸ் ஆஃப் தி லாம்ப்ஸ்’ நாவலில் அப்பயிற்சி பெறும் கிளாரிஸ் ஸ்டார்லிங் தோன்றினாள். தென்னாப்பிரிக்கக் காவல்துறையில் 1990-களில் இப்பணியாற்றிய மிக்கி பிஸ்டோரியஸ் தம் அனுபவங்களை 2000-இல் நூலாக்கினார். பெண் இத்தொழிலுக்குப் புறம்பானவள் என்ற எண்ணம் புனைவிலும் நிலைக்கவில்லை, நடப்பிலும் நிலைக்கவில்லை.

இவ்வறிக்கைகளின் மொழி முற்றிலும் ஊக மொழி. இன்ன வயதினராக இருத்தல் கூடும், தனித்து வாழ்தல் கூடும், கைத்தொழில் அறிந்திருத்தல் கூடும் என்றே அவை செல்லும். இவ்விடத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளருக்கு எதிர்பாராத ஓர் உதவி கிட்டுகிறது. ‘வந்திருக்கலாம்’, ‘வந்திருக்க வேண்டும்’, ‘வந்திருக்கக் கூடும்’ ஆகிய மூன்றிலும் பால் விகுதி இல்லை. இவற்றின் இறுதியில் நிற்பவை ‘ஆம்’, ‘வேண்டும்’, ‘கூடும்’ என்னும் செய்யும் என் வாய்பாட்டு முற்றுகள். பழந்தமிழில் அம்முற்று ‘அவன் வரும், அவள் வரும், அது வரும்’ எனப் பலர்பால் ஒழிந்த படர்க்கைப் பால்களுக்குப் பொதுவாக வழங்கியது. அப்பொதுமை இன்றைய ஊக வினைகளில் உறைந்து எஞ்சியுள்ளது.

இதனால் விளைவது யாது? தமிழில் ஊகத்திற்குப் பாலில்லை. துணிபுக்குப் பால் உண்டு. ‘சமையலறை வழியே நுழைந்திருக்க வேண்டும், வீட்டின் அமைப்பை முன்பே அறிந்திருக்கலாம், பூட்டைத் தொட்டிருக்கக்கூட இல்லை’ என நிபுணர் பேசும் வரை கொலையாளியின் பால் மறைந்தே இருக்கும். ‘நுழைந்தான்’ என்று அவர் கூறும் கணத்தில் விசாரணை ஒரு படி முன்னேறிவிட்டதை வாசகர் உணர்வர். மூலத்தில் இல்லாத இத்துல்லியத்தை மொழிபெயர்ப்பாளர் பயன்படுத்திக்கொள்ளலாம். அறிக்கை முழுவதையும் ‘அவன்’ என்று தொடங்கி நிகழ்த்துவோர் இவ்வாய்ப்பை இழப்பதோடு, நிபுணரே செய்யாத துணிபை அவர்மேல் ஏற்றியும்விடுகின்றனர். வினையாலணையும் பெயரில் மட்டும் கவனம் தேவை: ‘தனித்து வாழ்பவன்’ என்பதனினும் ‘தனித்து வாழும் ஒருவர்’ என்பது இங்குப் பொருந்தும். அறிக்கை நடையில் ‘ஒருவர்’ என்பதன் பொதுமை மதிப்பை விஞ்சி நிற்கிறது. ‘இருக்க வேண்டும்’ என்பது கட்டாயத்தையும் குறிக்கும்; இடம் நோக்கி ‘இருந்திருக்க வேண்டும்’ என இறந்தகாலத்தில் அமைத்தால் மயக்கம் பெரும்பாலும் நீங்கும்.

தொழிற்பெயர்

இந்நிபுணருக்குத் தமிழில் நிலைத்த பெயர் இல்லை. நாவல்களில் ‘புரொஃபைலர்’ என்ற வடிவமே வைக்கப்படுவதுண்டு. ‘உருவரைவு’ என்பது காவல்துறை ஓவியர் வரையும் முகத்தோற்றத்தோடு மயங்கும். ‘ஆளுமை வரைவு’ பொருந்தும். ஆயினும் அதிலிருந்து ‘வரைவாளர்’ என்று தொழிற்பெயர் ஆக்கும்போது சட்ட வரைவு எழுதுபவர் நினைவுக்கு வருவார். அக இலக்கணம் பயின்றோர்க்கு வரைவு என்பது மணமும் ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ‘குற்றவாளியின் குணவரைவு’ என்பதில் வேறொரு குறை உண்டு. குற்றம் மெய்ப்பிக்கப்பட்டவரே குற்றவாளி. இங்கோ யார்மீதும் குற்றம் சாட்டப்படவே இல்லை. ‘குற்ற உளவரைவு’, ‘குற்ற உளவரைவர்’ என்பன ஏற்கத்தக்கவையாகத் தோன்றுகின்றன. உளவு என்னும் சொல்லின் ஒலி அதில் கலந்து வருவது தடையாகாது. சற்றே துணையும் ஆகலாம்.

அவளா, அவரா

தமிழ்த் தொடர் நாவல்களில் பெண் துப்பறிவாளர் நெடுங்காலம் இணையில் இரண்டாமவராகவே இருந்தார். பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்–சுசீலா, சுபாவின் நரேந்திரன்–வைஜெயந்தி ஆகியோர் நன்கறியப்பட்டவர்கள். சென்னை பிளாஃப்ட் பதிப்பகம் 2008-இல் வெளியிட்ட தமிழ் வெகுஜனக் கதைகளின் ஆங்கிலத் தொகுப்பில், பிரீத்தம் சக்ரவர்த்தியின் மொழிபெயர்ப்பில், இவ்விரு இணைகளும் இடம்பெற்றன. அவற்றுள் ஒரு கதையின் தலைப்பிலேயே வைஜெயந்தியின் பெயர்ச்சுருக்கம் அமைந்தது. பெண் ஒருத்தியே தனித்து நடத்தும் விசாரணைகளைத் தொடராக அமைத்தவர் அம்பை. மும்பையில் தனியார் துப்பறியும் தொழில் நடத்தும் சுதா குப்தாவின் கதைகள் ‘அந்தேரி மேம்பாலத்தில் ஒரு சந்திப்பு’ என 2014-இல் நூலாயின. கீதா சுப்ரமணியனின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2016-இல் வெளிவந்தது. சுதா குப்தா உளவரைவர் அல்லர். எனினும் தடயத்தைவிட மனிதரைப் படிப்பதே அவருடைய வழி.

தொடர் நாவல் மரபில் கதைசொல்லி துப்பறிவாளனை ‘அவன்’ என்றே கூறுவார். அது அவமதிப்பன்று, அணுக்கம். கணேஷும் வசந்தும் விவேக்கும் ‘அவன்’களே. எனவே தலைவி ‘அவள்’ ஆவதில் இழுக்கு இல்லை. இழுக்கு எழுவது ஒரே பக்கத்தில் ஆண் உயரதிகாரி ‘வந்தார்’ என்றும் அதே நிலையிலுள்ள பெண் அதிகாரி ‘வந்தாள்’ என்றும் எழுதப்படும்போதுதான். ஆங்கில மூலம் இவ்வேறுபாட்டைச் செய்வதில்லை. மொழிபெயர்ப்பு அதனைத் தானாகச் சேர்க்கிறது. மொழிபெயர்ப்பாளர் தொடக்கத்திலேயே ஒரு நெறியை வகுத்துக்கொள்வது நன்று. யாருடைய மனம் வழியாகக் கதை செல்கிறதோ அவருக்கு அணுக்க வடிவம். ஏனையோர்க்கு, பால் வேறுபாடின்றி, பதவிக்கேற்ற வடிவம்.

உரையாடலில் நிலைமை வேறு. தமிழகக் காவல் வழக்கில் மேலதிகாரியைக் காவலர் ‘ஐயா’ என்பர். பெண் அதிகாரி ‘அம்மா’ அல்லது ‘மேடம்’. சென்னை ஆயிரம்விளக்கில் 1992-இல் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் தொடங்கியபின் இவ்விளிகள் பரவலாகச் செவிக்குப் பழகின. ‘அம்மா வராங்க’ என்று ஒரு காவலர் கூறும் வாக்கியத்தையும், ‘யாரோ வராங்க’ என்று அவரே இருட்டில் கூறும் வாக்கியத்தையும் ஒப்பிட்டால் ஒரே விகுதி முன்னதில் மதிப்பையும் பின்னதில் ஐயத்தையும் சுமப்பது புலனாகும்.

எண்ணின் மயக்கம்

தமிழிலிருந்து ஆங்கிலத்திற்குச் செல்லும்போது இவ்விகுதி விளைவிக்கும் பிழை கடுமையானது. ‘யாரோ ஓடினாங்க’ என்பதைச் ‘சிலர் ஓடினர்’ என்ற பொருளில் ஆங்கிலமாக்கினால் புனைகதையில் ஒரு தடயம் திரிந்துபோகும். கொலையாளிகள் பலர் என்று ஆங்கில வாசகர் கணக்கிடத் தொடங்குவார். நீதிமன்றத்திலோ அது கதை அன்று. இந்தியத் தண்டனைச் சட்டத்திலும், 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் ஐவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் கூடிச் செய்யும் கொள்ளை, தனியொருவர் செய்யும் கொள்ளையினின்று வேறான, கடுமையான குற்றம். பொதுக் கருத்துடன் பலர் செய்த செயல் என்று கூறவும் ஒருவருக்கு மேற்பட்டோர் இருத்தல் வேண்டும். சாட்சி தமிழில் கூறியது ஆங்கிலத்தில் பதிவாகும் இடங்களில், பாலறியாமையைக் காட்டும் பன்மை எண்ணைக் காட்டும் பன்மையாக மாறினால், சாட்சி கூறாத ஒன்று ஆவணத்தில் ஏறிவிடும். குறுக்கு விசாரணையில் ‘நீங்கள் பார்த்தது ஒருவரையா, பலரையா’ என்ற வினா எழும்போது சாட்சி ‘ஒருத்தரைத்தான்’ என்பார். முன்னுக்குப் பின் முரண் என்று அது கொள்ளப்படவும் கூடும்.

இத்தகைய இடங்களில் மொழிபெயர்ப்பாளர் வினைவிகுதியை மட்டும் நம்பாமல் எண்ணைக் காட்டும் பிற சொற்களைத் தேட வேண்டும். ‘ரெண்டு மூணு பேரு’, ‘எல்லாரும்’, ‘ஆளுங்க’ என்பன வந்திருந்தால் பன்மை உண்மையானது. ‘யாரோ’ மட்டும் நின்றால் ஆங்கிலத்தில் ஒருமையே தகும். எண் உண்மையிலேயே தெளிவாகாதபோது ‘ஒருவரோ பலரோ’ என்னும் பொருள்படப் பெயர்த்து, சாட்சியின் தமிழ்ச் சொல்லை அப்படியே அருகில் பதிவு செய்வது பாதுகாப்பானது.